காஸ்பேஸ்-3: நுண்ணோக்கியிலிருந்து சோதனைக்குழாய்க்கு

செல்கள் திட்டமிட்டு மடிகின்றன என்ற கருத்து முதலில் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான். 1972இல் கெர், வைலி, கரி மூவரும் ‘அபோப்டோசிஸ்’ என்று பெயரிட்டு விவரித்தவை முழுக்க உருவ அடையாளங்கள்: செல் சுருங்குகிறது, உட்கரு இறுகுகிறது, உடைந்த துண்டுகளைப் பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. இதைச் செய்விக்கும் வேதிப்பொருள் எது என்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் விடையில்லை.

அந்த விடைக்கு வழிகாட்டியது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருளைப்புழு, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். அதன் வளர்ச்சியில் உருவாகும் 1,090 உடற்செல்களில் 131 தவறாமல் இறக்கின்றன. இந்த இறப்புக்குத் தேவையான செட்-3 மரபணுவின் வரிசையை 1993இல் ஹார்விட்ஸ் ஆய்வகத்தில் ஜுன்யிங் யுவானும் சகாக்களும் வெளியிட்டார்கள். மனிதரில் அழற்சியோடு தொடர்புள்ள ‘ஐஸ்’ என்ற புரதம் வெட்டும் நொதியை அது ஒத்திருந்தது. ஆனால் ஒத்த முகம் குற்றத்துக்குச் சான்றாகாது.

சான்று தேடும் வேலை 1994இல் சூடுபிடித்தது. டிஎன்ஏ பழுதுபார்ப்பில் பங்கேற்கும் 116 கிலோடால்டன் எடையுள்ள பார்ப் புரதம், இறக்கும் செல்களில் துண்டாகி, ஏறத்தாழ 85 கிலோடால்டன் துண்டை விட்டுச்செல்வதை லாஸெப்னிக் குழு செல் சாற்றில் காட்டியது. ஐஸ் நொதியால் அதை வெட்ட முடியவில்லை. எனவே வெட்டியது வேறொன்று. அதே ஆண்டு ஃபெர்னாண்டஸ்-அல்னெம்ரி குழு மனித ஜுர்கட் செல்களிலிருந்து சிபிபி32 மரபணுவைப் பிரித்தது. 1995இல் மெர்க் ஃப்ராஸ்ட் நிறுவனத்தின் நிக்கல்சன் குழு, பார்ப்பை வெட்டும் நொதியையே தூய்மைப்படுத்தி ‘அபோபெயின்’ என்றது. அது சிபிபி32இலிருந்து வந்ததே. மிச்சிகனில் விஷ்வ தீட்சித் குழு அதே புரதத்துக்கு வைத்த பெயர் ‘யமா’. நமக்கு மிகப் பிடித்திருக்கக்கூடிய அந்தப் பெயர் நிலைக்கவில்லை: 1996இல் பெயர்முறை ஒழுங்காகி, மூன்றும் காஸ்பேஸ்-3 ஆயின.

இந்த வரலாற்றை மரபணுக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். என் பார்வையில் திருப்புமுனை தூய்மைப்படுத்தலே. செல் சாற்றில் ஆயிரம் புரதங்கள் இருக்கும்; எது வெட்டியது என்று சாதிக்க முடியாது. தூய நொதியையும் பார்ப்பையும் மட்டும் சேர்த்துப் பார்த்தால் வாதத்துக்கு இடமில்லை.

மரபணுவை வேறு உயிரின் செல்லில் புகுத்திப் புரதத்தை உருவாக்கும் மறுசேர்க்கை முறை அந்தத் தூய நொதியை வேண்டிய அளவு கிடைக்கச் செய்தது. 277 அமினோ அமிலங்கள் கொண்ட காஸ்பேஸ்-3, செல்லில் செயலற்ற முன்வடிவமாகவே காத்திருக்கும். 175ஆம் இடத்தில் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை அடுத்து வெட்டுப்பட்டால் 17, 12 கிலோடால்டன் துணையலகுகள் பிரிந்து, அத்தகைய இரு இணைகள் சேர்ந்து முழு நொதியாகும். பூச்சிச் செல்களில் இதை மிகுதியாக உருவாக்கியபோது அந்தச் செல்களே மடிந்தன. ஈ. கோலை பாக்டீரியாவில் அந்த இறப்பு ஏற்பாடு இல்லாததால் உற்பத்தி எளிதாயிற்று. ஆனால் மிகுதியாகத் திரளும்போது முன்வடிவம் தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஆகவே குப்பியில் பெரும்பாலும் கிடைப்பது ஏற்கெனவே விழித்த நொதி. முன்வடிவத்தை ஆராய விரும்புபவர்கள் 163ஆம் இடத்துச் சிஸ்டீனை மாற்றி நொதியை முடக்குகிறார்கள், அல்லது உற்பத்தி நேரத்தை மிகவும் குறைக்கிறார்கள். இது வெறும் தொழில்நுட்பச் சங்கடமல்ல. காஸ்பேஸ்-3ஐ எழுப்புவது எது என்ற கேள்விக்கு விழித்த நொதியை வைத்து விடை காண முடியாது.

விழித்த நொதியின் பயன் வேறு. ஆஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், வாலின், ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற நான்கின் தொடரோடு ஒளிரும் மூலக்கூறு ஒன்றை இணைத்துவிட்டால், நொதி வெட்டும்போது ஒளிர்வு ஏறும். இந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளைச் சோதிப்பதற்கு இன்றும் இதுவே வழக்கமான அளவுகோல்.

எனினும் குழாயில் வெட்ட முடிகிறது என்பதும் உடலில் அது இன்றியமையாதது என்பதும் ஒன்றல்ல. காஸ்பேஸ்-3 மரபணு நீக்கப்பட்ட எலிகளின் மூளையில் மிகைச் செல்கள் தங்கியதையும், அந்த எலிகள் இளமையிலேயே இறந்ததையும் 1996இல் குயிடா குழு அறிவித்தது; மற்ற உறுப்புகளில் அவ்வளவு பாதிப்பு தெரியவில்லை. மார்பகப் புற்றுச் செல்வரிசையான எம்சிஎஃப்-7இல் இம்மரபணுவின் 47 கார இணைகள் இல்லை என்று 1998இல் தெரியவந்தது. அந்தச் செல்களும் இறந்தன. டிஎன்ஏ மட்டும் துண்டாகவில்லை. காஸ்பேஸ்-3ஐ மீண்டும் புகுத்தியதும் அதுவும் துண்டானது.