மாட்டுங்கா ரசீது, செம்பூர் பத்திரம், தாராவி பாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா வீட்டில் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் ஒரு கட்டு வாடகை ரசீது கிடைத்தது. அடியில் இருந்தது தாத்தா பேரில், 1939. மாசம் 32 ரூபாய். நடுவில் ஒன்றை உருவினேன், 1978. கிட்டத்தட்ட அதே தொகைதான்! (பேங்கில் வேலை பார்ப்பவனுக்கு இதைப் பார்த்தால் தலை சுற்றாதா?)

இந்த ரசீதுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. கோட்டைப் பக்கமும் சால்களிலும் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்ததுதான் காரணம் என்று நினைத்த பிரிட்டிஷ் அரசு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை ஆரம்பித்தது. தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் இருந்த நிலத்தை எடுத்து, அகலமான தெரு, மரம், வட்டமாக ஒரு பூங்கா என்று படம் போட்டார்கள். அந்தப் பூங்காதான் கிங்ஸ் சர்க்கிள், இன்றைய மகேஷ்வரி உத்யான். கட்டடங்கள் மளமளவென்று எழுந்தது 1920, 30-களில்தான். அன்றைக்கு அது ஊர்க்கோடி. காக்கா கத்தினால் கேட்கும் அமைதி என்பாள் பாட்டி.

சாலில் கக்கூஸ் பொது, நடைக்கோடியில் இருக்கும். இங்கே ஒவ்வொரு பிளாட்டுக்கும் உள்ளேயே. பாட்டி வந்த புதிதில், "கக்கூஸை வீட்டுக்குள்ளே வெச்சிண்டு எப்படிச் சாப்பிடறது?" என்று ஒரு வாரம் முகம் சுளித்தாளாம்!

டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த நம்மவர்களுக்கு ஆபீஸ் போக ரயில் வசதி, வாடகை கட்டுப்படி. 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம். மாட்டுங்கா 'நம்ம ஊர்' ஆனது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் சாதியும் சாப்பாடும் விசாரித்துத்தான் வீடு கொடுத்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்ததில் அவர் இங்கிலீஷுக்கு மட்டும் பங்கு இல்லை.

அப்புறம் 1947 வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர் 1-ல் என்ன வாடகையோ அதுதான் நியாய வாடகை என்று உறைய வைத்தது. வீட்டுக்காரர் ஏற்றவும் முடியாது, லேசில் காலி பண்ணச் சொல்லவும் முடியாது. அதனால் வந்ததுதான் 'பகடி'. (நம்ம ஊர் கிண்டல் பகடி இல்லை!) குடியிருப்பவர் இன்னொருவருக்கு வீட்டைக் கைமாற்றும்போது ஒரு பெரிய தொகை, அதில் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு. ரொம்ப நாள் சட்டத்துக்குப் புறம்பாக நடந்த இதை 1999 சட்டம்தான் ஒப்புக்கொண்டது.

இதற்குள் அப்பாவின் சிநேகிதர்கள் செம்பூருக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். 1960-ல் கூட்டுறவுச் சட்டம், 1963-ல் சொந்த பிளாட் சட்டம். வாடகைக்கு விட்டால் லாபம் இல்லை என்றதும் பில்டர்கள் விற்கவே கட்டினார்கள். 1977-ல் எச்டிஎஃப்சி ஆரம்பித்ததும், மாதச் சம்பளக்காரனும் வீட்டுக் கடன் கேட்கலாம் என்றாயிற்று. செம்பூரும் அமைதியான இடம்தான். டிராம்பே பக்கத்து ஆலைகளின் வாடைக்கு 'காஸ் சேம்பர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்ததைத் தவிர!

அப்பா அசையவில்லை. "32 ரூபாய்க்கு வீடு இருக்கறச்சே எதுக்குடா கடன்? அதான் ஊர்ல வீடு இருக்கே." அந்தக் கும்பகோணத்து வீடு 1994-ல் பாகம் பிரிந்து விலைபோனது. நான் 2009-ல் இருபது வருஷக் கடனில் செம்பூரில் வாங்கினேன். சொசைட்டி கொடுத்த பங்குப் பத்திரத்தைச் சாமி படத்தடியில் வைத்து அம்மா கற்பூரம் காட்டினாள்.

இப்போது மாட்டுங்கா கட்டடத்தை இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறது. இந்த மாதிரிப் பழைய கட்டடங்களில் குடியிருப்போருக்குப் புதுக் கட்டடத்தில் சொந்தமாகவே வீடு தரவேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு ஒரே குஷி. "பாத்தியா, ரசீதுக்கே வீடு வரப்போறது. நீ இன்னும் இஎம்ஐ கட்டிண்டிருக்கே!"

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உடனே ஞாபகம் வந்தது வேறு ஒருவர்.

2012-ல் நான் இருந்த கிளையில் ஒரு செக்யூரிட்டி. தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி. வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்க லோன் கேட்டார். கையில் இருந்தது போட்டோ பாஸ். 1976-ல் குடிசைகளை எண்ணிக் கொடுத்த அடையாளம். நிலத்துக்குப் பத்திரம் கிடையாது, அடமானம் வைக்க வழியில்லை. முடியாது என்று சொன்னது நான்தான். அவர் கோபப்படவில்லை.

"எங்க தாத்தா தோல் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவுக. உங்க தாத்தாவுக்கு முன்னாலயே வந்துட்டாவ சார். பெறவு எப்படி எங்க வீடு மட்டும் வீடு இல்லன்னு ஆவுது?"

பதில் சொல்ல முடியவில்லை. 1800-களின் கடைசியிலேயே தாராவிக்குத் தோல் பதனிடும் தொழில் வந்துவிட்டது. அதற்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தலித்துகளும் முஸ்லிம்களும், சதுப்பில் மண்ணைக் கொட்டித் தாங்களே மேடாக்கி வீடு கட்டினார்கள். எங்கள் தாத்தா ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனால் அவருக்கு ரசீதும் சட்டமும் இருந்தது.

2022-ல் தாராவி மறுசீரமைப்பு ஏலம் முடிந்தது. அங்கேயே 350 சதுர அடி வீடு கிடைக்க 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே இருந்ததைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்த மனிதர் கரெண்ட் பில்லையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஒரே ரயில், ஒரே தமிழ், பக்கத்துப் பக்கத்துப் பேட்டை. யார் எந்தக் காகிதத்தோடு நின்றோம் என்பதை எங்கள் உழைப்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. 'கஷ்டப்பட்டு வாங்கின வீடு' என்று கிரகப்பிரவேசத்தில் பெருமையடித்துக்கொள்ளும்போது இது கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்தட்டும்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் என்ன காகிதம் இருக்கிறது? பெரியவர்கள் இருக்கும்போதே ஒருதரம் திறந்து, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.