மூன்று படிகளின் வரலாறு

பேருந்தில் ஏறும் மூன்று படிகளை நாம் பொருட்படுத்துவதில்லை. கால் தானாகவே ஏறிவிடுகிறது. அப்படிகள் இல்லாத வண்டி வட அமெரிக்கச் சாலைகளுக்கு வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன.

படிகளுக்குக் காரணம் அச்சு. சக்கரங்களின் மையத்தை இணைத்துக் குறுக்கே செல்லும் பின்னச்சுக்கு மேலேதான் தளத்தை அமைக்க வேண்டும். ஆகவே அது தரையிலிருந்து மூன்றடி அளவுக்கு உயர்ந்தது. 1971-இல் அமெரிக்க அரசு ‘டிரான்ஸ்பஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ், ஏஎம் ஜெனரல், ரோர் ஆகிய மூன்று நிறுவனங்கள் தாழ்ந்த தளமுடைய மாதிரி வண்டிகளைச் செய்து ஓட்டியும் காட்டின. 1977-இல் போக்குவரத்துத் துறைச் செயலர் பிராக் ஆடம்ஸ், தளத்தின் உயரம் 22 அங்குலத்துக்கு மேற்படலாகாது, சாய்தளமும் வேண்டும் என்று விதித்தார்.

மறு ஆண்டு ஜூலை 5 அன்று டென்வர் நகரில், சக்கர நாற்காலிகளில் வந்த பத்தொன்பது பேர் நாற்சந்தி ஒன்றில் பேருந்துகளை மறித்து, இரவு முழுவதும் அங்கேயே இருந்தனர். அவர்கள் கேட்டது எல்லோரையும் போல் ஏறிச் செல்லும் உரிமை.

1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி, பிலடெல்பியா ஆகிய நகரங்கள் கூட்டாக 530 வண்டிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரின. ஒருவர்கூட முன்வரவில்லை. விலையும் எடையும் கூடும் என்றனர் உற்பத்தியாளர்கள். விதி கைவிடப்பட்டது. செய்ய இயலும் என்று காட்டியவர்களே செய்து விற்க மறுத்ததை நாம் கவனிக்க வேண்டும்.

விடை ஐரோப்பாவில் உருவாகியிருந்தது. அச்சின் நடுப்பகுதியைச் சக்கர மையத்துக்குக் கீழே இறக்கி, முனைகளில் பற்சக்கரங்களால் இணைத்தார்கள். காற்று நிரம்பிய தாங்கிகளில் காற்றைக் குறைத்தால் நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகத் தாழும். ஜெர்மனியின் மான் நிறுவனம் இத்தகைய வண்டிகளை 1980-களின் இறுதியில் வரிசையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது.

1990-இல் அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டம், புதிதாக வாங்கும் நகரப் பேருந்துகள் அனைத்திலும் சக்கர நாற்காலி ஏற வழி வேண்டும் என்றது. இயந்திரத் தூக்கி அடிக்கடி பழுதாகும். மடித்து விரிக்கும் சாய்தளம் எளியது. அதற்குத் தாழ்ந்த தளம் தேவை. வின்னிபெக் நகரின் நியூ ஃபிளையர், தன் டச்சு உரிமையாளரின் வடிவமைப்பைத் தழுவி, 1991-இல் நாற்பதடித் தாழ்தளப் பேருந்தைக் கொண்டுவந்தது.

இதற்கும் விலை உண்டு. சக்கரக்கூடுகள் உள்ளே புடைத்து இருக்கைகளைக் குறைத்தன. இந்த வண்டியின் பின்பகுதியிலும் படிகள் எஞ்சின. ஆயினும் முன்வாசல் திறந்தது. அதன் வழியே முதியவரும் குழந்தை வண்டி தள்ளும் தாயும் ஏறினார்கள். டென்வரில் மறித்தவர்கள் இவர்களுக்காகவும் மறித்தார்கள் என்றே நாம் கருதுகிறோம்.