எண்ணூர் – பழவேற்காடு கழுவெளி: மேய்ச்சல் நிலத்தை ஊர்மக்களால் காப்பாற்ற முடியுமா?

திருவள்ளூர் மாவட்டத்தில் கடலுக்கும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கும் இடையே பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தைப் பார்க்கும் பலருக்கும் தோன்றுவது, "சும்மா கிடக்குற நிலம்தானே?" என்பதுதான். ஆனால் அது சும்மா கிடக்கவில்லை.

கழுவெளி என்றால் என்ன?

மழைக்காலத்தில் ஆற்று நீரும் கடல்நீரும் கலந்து நிற்கும் தாழ்வான உவர் நிலம்தான் கழுவெளி. கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் வெள்ளம் கடலுக்குப் போகும் முன் பரவி நிற்பது இங்கேதான். தண்ணீர் வடிந்ததும் மேட்டுப் பகுதியில் புல் முளைக்கும். மாடு, எருமை, ஆடு மேயும். தண்ணீர் நிற்கும் இடத்தில் இருளர் பெண்கள் சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பார்கள். ஒரே நிலம்தான், பருவத்துக்கு ஒரு பிழைப்பு. பட்டா மட்டும் யாரிடமும் இருக்காது.

சிக்கல் எங்கே?

பதிவேட்டில்தான். எண்ணூர் கழிமுகத்தில் நடந்ததே இதற்கு உதாரணம். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் பாதுகாக்கப்பட்டதாக இருந்த பகுதி, பிறகு வந்த வரைபடத்தில் காணாமல் போனதாக மீனவர்கள் குற்றம்சாட்டினர். இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினர். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த விவகாரத்தையும் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனார்கள். காட்டுப்பள்ளி துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டத்துக்கும் மீனவ கிராமங்களில் கடும் எதிர்ப்பு இருக்கிறது.

மீனவர்களுக்குப் பஞ்சாயத்து உண்டு, பழவேற்காட்டில் முறைவைத்து மீன்பிடிக்கும் 'பாடு' வழக்கம் உண்டு. அதனால் கூடிப் பேச முடிகிறது. மாடு மேய்ப்பவர்களுக்கு அப்படி ஓர் அமைப்பு பெரும்பாலும் கிடையாது. அவர்களுடைய பயன்பாடு எந்த வரைபடத்திலும் எளிதில் ஏறுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை முறைப்படுத்தும் அதிகாரத்தை, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 கிராம ஊராட்சிக்குத் தருகிறது. ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற, 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதேநேரம், 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகள் அடங்கிய நிலத்தைச் 'சிறப்புத் திட்டத்துக்கு' ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டத்தைத் தமிழக சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஆக, கிராம சபைத் தீர்மானம் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊர்மக்கள் என்ன செய்யலாம்?

முதலில், கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் சர்வே எண் 'மேய்க்கால்' என்று இருக்கிறதா, 'தரிசு' என்று மாறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். மாறியிருந்தால், எந்த ஆணையின்படி மாறியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எத்தனை மாடு, எந்த மாதம், எந்த இடத்தில் மேய்கிறது என்பதைக் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். கடலோர வரைபடத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் வரும்போது, அந்தத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்து மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிவிட்டு வாருங்கள்.