கார்டோபாவும் கீழக்கரையும்

'மூர்' என்னும் சொல்லை ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்து கி.பி. 711இல் கடல் கடந்து ஸ்பெயினுக்குள் புகுந்த முஸ்லிம்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அது. அங்கே அவர்களுடைய கடைசி அரசான கிரனாடா 1492இல் வீழ்ந்தது. ஆறே ஆண்டுகளில், 1498இல், வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கினார். இந்தியக் கரைகளில் கண்ட முஸ்லிம் வணிகர்களையும் போர்ச்சுகீசியர் தம் ஊர்ப் பழக்கத்தில் 'மூர்' என்றே அழைத்தனர். இலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம்களை ஆங்கில ஆவணங்கள் இன்றும் அப்படியே குறிக்கின்றன. சோனகர், மரக்காயர் என்று தமிழில் நல்ல சொற்கள் இருக்க, இந்த இரவல் பெயர் எதற்கோ!

பெயர் ஒன்றாயினும் வந்த வழி ஒன்றன்று. ஸ்பெயினுக்குப் படையோடு வந்தனர். நம் சேது நாட்டுக் கரைக்குப் பருவக்காற்றை நம்பிச் சரக்கோடு வந்தனர்.

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பூகோளம் வேண்டும். உப்பூர்க் கரையில் கிழக்கு நோக்கி நின்றால் முன்னே தெரிவது பாக் விரிகுடா. ஆழம் குறைந்த கடல். பெரும்பாலும் 13 மீட்டருக்குள்தான். தேவிபட்டினம், இராமநாதபுரம் வழியாகத் தெற்கே சென்று கீழக்கரையில் நின்றால் தெரிவது வேறொரு கடல், மன்னார் வளைகுடா. இராமேசுவரத்து மீனவர் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்றில் இது நேர்மாறாகும். இரு கடலுக்கும் நடுவே பாம்பன் முதல் தலைமன்னார் வரை மணல்திட்டுகளும் பாறைகளும் குறுக்கிடுகின்றன. ஆகவே மேற்கிலிருந்து வந்த பெரிய கலங்களுக்குத் தென்கடல் துறைகளே வசதியாயின. கீழக்கரைக்கு எதிரே அப்பா தீவு, தலையாரித் தீவு, முள்ளித் தீவு என வரிசையாக நிற்கும் பவளத் தீவுகள் பேரலையை முறித்துவிடும். முத்தும் சங்கும் அக்கடலிலேயே கிடைத்தன.

வந்தவர் நினைத்தவுடன் திரும்பவும் முடியாது. காற்றுத் திசை மாறும்வரை மாதக்கணக்கில் தங்கவேண்டும். தங்கியவர் தமிழ் கற்றனர்; மணம் செய்து குடும்பமும் கண்டனர். சண்டையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1538இல் அருகிலுள்ள வேதாளையில் மரக்காயர் தலைமையில் வந்த சாமூதிரியின் கப்பற்படையைப் போர்ச்சுகீசியர் முறியடித்தனர்.

இனி இரண்டு கட்டடங்களைப் பார்ப்போம். கார்டோபாவின் பெரிய பள்ளிவாசல் 785 அளவில் தொடங்கப்பட்டது. பழைய ரோமானியக் கட்டடங்களின் தூண்களை எடுத்து நட்டனர். அவை குட்டையானவை, கூரையை உயர்த்த வேண்டும். எனவே ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவாக இரண்டு அடுக்குக் கட்டினர். வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் கல் மிக வல்லது.

கீழக்கரையில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வள்ளல் சீதக்காதி கட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஜும்மா பள்ளியின் பழைய மண்டபத்தில் இத்தகைய வளைவு அடுக்குகள் இல்லை. கல் தூண், அதன்மேல் போதிகை, அதன்மேல் உத்தரம், மேலே கற்பலகை. கோயில் மண்டபம் கட்டும் முறையேதான்! கிடையாக வைத்த உத்தரம் தன் எடையாலேயே சற்று வளைய முயலும்; அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுவிசைக்குக் கல் மிகவும் பலவீனமானது. தூண்களின் இடைவெளியை இரட்டித்தால், அதே பருமனுள்ள உத்தரத்தின் அடியில் தன் எடையால் வரும் இழுவிசைத் தகைவு நான்கு மடங்காகிவிடும். நம் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கும், இருபுறமும் போதிகையை நீட்டி இடைவெளியைக் குறைப்பதற்கும் காரணம் இதுவே. கீழக்கரைத் தூண்களைச் செதுக்கிய சிற்பியர் இந்த வித்தையை நன்கு அறிந்தவர்கள். தெய்வ உருவங்களை விட்டுவிட்டுக் கொடியையும் பூவையும் வடித்தனர்; மற்றபடி உளியின் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சீதக்காதியின் காலத்தில் சேது நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவளித்தவரும் சீதக்காதியே.

கார்டோபாவை 1236இல் கிறித்தவ அரசர் கைப்பற்றியதும் பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அந்தத் தூண்காட்டின் நடுவே இடித்து, உயர்ந்த ஆலயம் ஒன்றை எழுப்பினர்.

எழுத்தின் கதைதான் என்னை அதிகம் வியக்கவைப்பது. ஸ்பெயினில் எஞ்சிய முஸ்லிம்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அவ்வெழுத்துக்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அதுவே அர்வி எனப்படும் அரபுத்தமிழ். ள, ழ, ண போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லாததால், இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதியன உண்டாக்கிக்கொண்டனர். எழுதுபவர் இரு நாட்டிலும் செய்தது ஒன்றே. ஸ்பெயினில் 1609 முதல் அம்மக்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். சிலர் தம் ஏடுகளை வீட்டினுள் மறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தனர். அல்மொனாசித் என்னும் சிற்றூரில் 1884இல் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த் தளத்தின் அடியிலிருந்து அத்தகைய கையெழுத்து ஏடுகள் பல கிடைத்தன. படிக்க அவ்வூரில் எவரும் இல்லை.

அதே 1884இல் கீழக்கரையில், 1816இல் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் வாழ்ந்துகொண்டிருந்தார். அரபுத்தமிழில் பல நூல்கள் எழுதிய அவர் காலமானது 1898இல்.