ரங்கப்பிள்ளை நாட்குறிப்பும் ஏ.பி.ஐ.யும்: படியெடுத்தலின் கதை



பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி, தான் 150 இணையதளங்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒன்றையும் திறந்துகூடப் பார்ப்பதில்லையாம். "எல்லாம் ஏ.பி.ஐ. வழியா ப்ரோக்ராமே செஞ்சிடும் டீச்சர்" என்றாள். சமூக அறிவியல் நடத்தியவள் நான். எந்தப் புதுப் பொருளைப் பார்த்தாலும் இதற்கு முன்னால் இந்த வேலையை யார் செய்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். விசாரித்ததில், இது நம் ஊருக்கு மிகவும் பழகிய வேலை என்று புரிந்தது. எழுதியதைப் படியெடுப்பது, வேறோர் இடத்தில் வைப்பது, கெடாமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான்.

நம் ரங்கப்பிள்ளை வீதியில் நடக்காதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய், ஊரே இடித்துத் தள்ளப்பட்டது. நாட்குறிப்பு மட்டும் எப்படியோ குடும்பத்திடம் தங்கியது. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை வாரிசுகள் வீட்டில் கண்டெடுத்துப் படியெடுத்தார். அரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரியும் படியெடுத்தார். அரியேலின் படி பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இடையிடையே சில பகுதிகள் கிடைக்கவே இல்லை. படியெடுத்தது நின்றது, எடுக்காதது போனது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணினிக் காலத்துக்கு வருவோம். ஒரு கணினியில் இருக்கும் கோப்பைத் தொலைவில் இருக்கும் இன்னொரு கணினிக்கு அனுப்ப ஒரு முறை வேண்டுமல்லவா? அந்த விதிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் ஓர் இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது எழுதினார். அதுதான் எஃப்.டி.பி. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். அப்போது இணையதளம் வைத்திருப்பவர் ஒவ்வொரு கோப்பையும் எஃப்.டி.பி. வழியாகத் தானே ஏற்ற வேண்டும். 1996-ல் சி-பேனல் வந்தது. அதன் பிறகு ஒரு திரையில் பொத்தான்களை அழுத்தி வேலை செய்யலாம் என்று ஆனது. அப்போதும் அழுத்துவது மனிதக் கைதான்.

தமிழில் இந்தக் கைவேலையின் பெரிய சாதனை மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அதன் வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. எழுத்துரு முறை மாறியபோதெல்லாம் இருந்த நூல்களைப் புது முறைக்கு மாற்றியாக வேண்டும். கடைசியில் யூனிகோடு வந்துதான் அந்த அலைச்சல் ஓய்ந்தது.

இனி ஏ.பி.ஐ. என்றால் என்ன? நம் பள்ளி அலுவலகத்துச் சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். டி.சி. வேண்டுமென்றால் உள்ளே போய்ப் பீரோவைத் திறக்க முடியாது. குறித்த படிவத்தை நிரப்பிச் சன்னலில் நீட்ட வேண்டும். நீங்கள் யார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். படிவம் சரியாக இருந்தால் வேலை நடக்கும். ஏ.பி.ஐ. என்பது இணையதளத்துக்கு இடம் கொடுக்கும் நிறுவனம் வைத்திருக்கும் சன்னல். படிவத்தை நீட்டுவது மனிதராக இருக்க வேண்டியதில்லை, ஒரு ப்ரோக்ராம் நீட்டினாலும் போதும். அத்தாட்சிக்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. பதில் எண்ணில் வரும்: 200 என்றால் முடிந்தது, 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை, 404 என்றால் கேட்டது இங்கே இல்லை, 429 என்றால் ரொம்ப அவசரப்படுகிறாய், வரிசையில் நில்.

2006-ல் அமேசான் தன் சேமிப்பு இடத்தையும் கணினிகளையும் இந்தச் சன்னல் வழியே வாடகைக்கு விட்ட பிறகு, இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியது. புதுத் தளம் திறப்பது, முகவரியை இணைப்பது, இரவில் நகல் எடுப்பது எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். இணையதளம் பாதுகாப்பானது என்று காட்டும் சான்றிதழை 2015 டிசம்பர் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தொடக்கத்தில் ஒரு சான்றிதழின் ஆயுள் 90 நாள். அந்தக் கணக்கில் 150 தளம் என்றால் வருடத்துக்குக் குறைந்தது 600 முறையாவது புதுப்பிக்க வேண்டும். கையால் செய்தால் ஒன்றிரண்டாவது விட்டுப்போகும். ப்ரோக்ராமுக்கு மறதி கிடையாது.

இதே சன்னலால் தமிழுக்குக் கிடைத்த நன்மை ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் எல்லோரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அவை தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. ஆனால் வந்தவை வெறும் பக்கப் படங்கள். படத்தில் சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றவருக்குக் கணினி வாசித்துக் காட்டவும் முடியாது. லட்சக்கணக்கான பக்கங்களை யார் தட்டச்சு செய்வது? கணியம் இதழின் த. சீனிவாசன் ஒரு ப்ரோக்ராம் எழுதினார். அது ஒவ்வொரு பக்கத்தையும் கூகுளின் சன்னலில் கொடுத்து எழுத்தாக மாற்றி வாங்கும். வாங்கியதை விக்கிமூலத்தின் சன்னலில் கொண்டுபோய் அதற்குரிய பக்கத்தில் வைக்கும். ப்ரோக்ராமையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நாட்டுடைமையான எழுத்துகளில் நம் ஊர்ப் பாரதிதாசனுடையவையும் உண்டு. அவரும் வாத்தியார்தான். தன் பாட்டை இப்படியொரு படியெடுப்பவன் எடுப்பான் என்று நினைத்திருப்பாரா!

ஆனால் ஆசிரியை என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தப் படியெடுப்பவனுக்குக் களைப்பு இல்லை, பொருளும் தெரியாது. 'ர' எழுத்தையும் காலையும் குழப்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் 'லை', 'னை', 'றா' எல்லாம் வேறு வடிவில் இருந்தன. நாங்கள் அப்படித்தான் எழுதப் படித்தோம். அங்கே இயந்திரம் தடுமாறுகிறது. விக்கிமூலத்தில் சரிபார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இன்னொருவரும் பார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. பரீட்சைத் தாளுக்கு இரட்டைத் திருத்தம் போல. சிவப்பில் இன்னும் எத்தனையோ பக்கங்கள் காத்திருக்கின்றன.

இன்னொன்று, நகலை எங்கே வைப்பது என்பது. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் லட்சக்கணக்கானவர்களுக்கு இலவச இடம் கொடுத்தது. 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்வலர்கள் அவசரமாக நகல் எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. பிரான்ஸில் இருக்கும் நம் உறவினர்களுக்கு ஓ.வி.ஹெச். நிறுவனத்தைத் தெரிந்திருக்கும். ஏ.பி.ஐ. வசதி உள்ள பெரிய நிறுவனம். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் அதன் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. பாரீஸின் பொம்பிடூ மையத்தின் தளமும் அதில் பாதிக்கப்பட்டது. நகலை வேறு ஊரில் வைத்திருந்தவர்கள் சில நாளில் எழுந்தார்கள். அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் இழந்தார்கள். ரங்கப்பிள்ளையின் எழுத்துக்குப் புதுச்சேரியிலும் பாரீஸிலும் படி இருந்ததன் அருமை இப்போது புரிகிறதா?

அந்தச் சாவியும் கவனம் வேண்டிய பொருள். ஒரு கட்டளையில் 150 தளத்துக்கு நகல் எடுக்கும் ப்ரோக்ராம், இன்னொரு கட்டளையில் 150 தளத்தையும் அழித்துவிடும். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தான் சன்னல் கேட்கும். அதனால் நகல் எடுக்கும் ப்ரோக்ராமிடம் அழிக்கும் அதிகாரம் உள்ள சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் பாடம்.

நம் பள்ளிப் பழைய மாணவர்கள் முன்பு ஓர் இணையதளம் வைத்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆண்டுவிழாப் படங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நினைவுகள், இன்று உயிரோடு இல்லாத இரண்டு மூன்று பேரின் கட்டுரைகள் எல்லாம் அதில் இருந்தன. இடம் கொடுத்த நிறுவனம் சேவையை நிறுத்தியது, தளமும் போனது. யாரிடமும் நகல் இல்லை. இப்போது பொன்விழா மலருக்காக மீண்டும் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தோஷம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் புதுத் தளத்துக்கு வாரம் ஒரு முறை தானாக நகல் எடுக்கும் ப்ரோக்ராம் ஒன்று எழுதுங்கள். நகல் ஒன்று இந்தியாவிலும் ஒன்று வெளிநாட்டிலும் இருக்கட்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். மற்றவர்கள், முக்கியமாக என்னைப் போல ஓய்வில் இருப்பவர்கள், விக்கிமூலத்தில் தினம் ஒரு சிவப்புப் பக்கத்தை மஞ்சளாக்குங்கள். கால் மணி நேர வேலைதான். பாரதிதாசனிலிருந்து நான் ஆரம்பித்திருக்கிறேன். நான் மஞ்சளாக்கியதைப் பச்சையாக்க ஆள் வேண்டும். வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்