செங்கற்பட்டு ஜில்லாப் பள்ளிகளும் சர்க்கார் மானியமும்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் முதலிய தென்புறத்து ஊர்களிலே பள்ளிக்கூடம் நடத்தும் அன்பர்கள் நம் சங்கத்துக் கூட்டங்களில் ஒரு குறையை அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. சர்க்கார் கேட்கும் சான்றிதழ்களைத் தேடி அலைவதிலே ஆண்டு பாதி கழிகின்றது. அவர்கள் தருவதாகச் சொன்ன பணமோ அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் தள்ளிப்போகின்றது என்பதே அக்குறை. இது நேற்றுத் தோன்றியதென்று பலர் எண்ணுகின்றனர். ஆராய்ந்து பார்க்குமிடத்து இதற்கு வயது ஏறத்தாழ 170 ஆண்டு என்பது புலனாகும்.

முதற்கண் சர்க்கார் தலையீடே இல்லாதிருந்த காலத்தைச் சிறிது நோக்குவோம். சென்னைக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். நாட்டுப் பள்ளிகளில் கைவைப்பது தம் கருத்தன்று என்றும், மக்கள் தங்கள் பள்ளிகளைத் தங்கள் வழியிலேயே நடத்திக்கொள்ள விடவேண்டுமென்றும் அவர் அக்கட்டளையிலேயே எழுதிவைத்தார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்த கணக்கின்படி மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். நம் செங்கற்பட்டு ஜில்லாவில் மட்டும் பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டிருந்தன. தலைக்குத் தலை கணக்கிட்டால் மாகாணத்தில் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

அவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலிலே விரலால் எழுதி, பின் ஓலைக்கு வந்து, எண்சுவடியும் குழிமாற்றும் நிகண்டும் நெட்டுருச் செய்வித்தவை. உபாத்தியாயருக்கு நெல்லும், மாதந்தோறும் சிறு காசும், நவராத்திரி நாளில் பிள்ளைகள் கோலாட்டமாடிப் பெற்றுவரும் வெகுமதியுமே ஊதியம். சட்டாம்பிள்ளையாகிய மூத்த மாணாக்கன் இளையோருக்குக் கற்பிப்பான். சென்னை எழும்பூரிலிருந்த அநாதை விடுதியின் தலைவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் விடுதியில் மேற்கொண்டு, மூத்தோனைக் கொண்டு இளையோனுக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்று பேர்பெற்றுப் பரவிற்று. அம்முறைக்கு உரிய ஊரின் திண்ணை வாத்தியார், பிற்காலத்தில் ‘முறையாகப் பயிலாதவர்’ என்று ஒதுக்கப்பட்டது ஒரு விந்தையே.

திண்ணைப் பள்ளியை மிகைபடப் புகழ்வாரும் இக்காலத்து உளர். அவர்களோடு யான் உடன்படேன். பெண்மக்கள் அங்கே மிக அரியர். சேரிப்பிள்ளைகளோ பெரும்பாலான ஊர்களில் அத்திண்ணையை அணுகவும் இயலவில்லை. இக்குறை மறக்கற்பாலதன்று.

இனி மானியத்தின் பிறப்பைக் கூறுவோம். 1854-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், ஸர் சார்லஸ் வுட்டு என்பவர் காலத்தில், இலண்டனிலிருந்து ஒரு நீண்ட ஆணை வந்தது. எல்லாப் பள்ளிகளையும் தாமே நடத்தச் சர்க்காரிடம் பொருள் இல்லை. ஆகவே தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு உதவித்தொகை அளித்து, அதற்கு ஈடாக விதிகளுக்குக் கட்டுப்படச் செய்து, இன்ஸ்பெக்டர்களை அனுப்பிப் பார்வையிடுக என்பது அதன் சாரம். 1855-இல் சென்னையில் கல்வி இலாகா ஏற்பட்டது. அலெக்ஸாண்டர் ஆர்பத்நாட்டு முதல் டைரக்டரானார். ஆணையை எழுதியவர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால். அதனை நிறைவேற்ற வேண்டியவர் வண்டலூரிலும் மணிமங்கலத்திலும் ஓலைச்சுவடியோடு அமர்ந்திருந்த வாத்தியார்.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி ஒன்று செய்ய விரும்புகின்றேன். மானியம் என்பது நம் நாட்டில் பழைய சொல். கோயிலுக்கும் ஊர்த்தொழிலாளர்க்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தையே அது குறித்தது. அந்நிலம் முன்னே கைக்கு வரும். அதன் விளைவை உண்டு பணி பின்னே நடக்கும். சர்க்கார் கல்வி மானியமோ இதற்கு நேர்மாறானது. பணி முன்னே நடத்தல் வேண்டும்; செலவு முன்னே செய்தல் வேண்டும்; சோதனை நடந்தபின், கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டபின், பணம் வரும். சொல் ஒன்றேயாயினும் பொருள் தலைகீழாயிற்று. இக்கட்டுரையில் பின்வரும் துன்பமெல்லாம் இம்மாற்றத்தினின்றே பிறந்தன என்பது என் துணிபு.

இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்னும் மந்திரியார் ஒரு புதுச்சட்டம் வகுத்தார். ஒரு பிள்ளை ஒழுங்காக வந்தால் 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் தேறினால் மேலும் 8 ஷில்லிங். தவறிய ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. புலவரும் பள்ளி இன்ஸ்பெக்டருமாகிய மாத்யூ ஆர்னால்டு அப்போதே இதனைக் கண்டித்தெழுதினார். கண்டனம் அங்கே நிற்க, முறை மட்டும் கப்பலேறி இங்கே வந்தது. 1860-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துச் சிறு பள்ளிகளுக்கும் தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்னும் விதி வழங்கலாயிற்று.

அது நடந்த விதத்தைச் சற்றே விரித்துரைக்கின்றேன். இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கொருமுறை வருவார். வரவுப்பட்டி வேண்டும், அச்சிட்ட பாடப்புத்தகம் வேண்டும், வகுப்பு வகுப்பாகப் பிரித்து உட்கார்த்த வேண்டும். திண்ணையிலோ வகுப்பேது? ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் அளவில் தனியே படித்துச் செல்வதே அங்கு வழக்கம். எனவே வாத்தியார் முதலில் புத்தகமும் பலகையும் தம் கைப்பொருளால் வாங்கவேண்டும். பரீட்சை நாளில் ஒரு பிள்ளை காய்ச்சலாய்க் கிடந்தாலும், அறுவடைக்குத் தந்தை அழைத்துச் சென்றுவிட்டாலும், அவன் பேரில் வரவேண்டிய தொகை ஒழிந்தது. ஆண்டு முழுதும் கற்பித்த உழைப்பை ஒருநாட் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆதலின் தேறக்கூடிய பிள்ளைக்கே பாடம் சொல்லி, மந்தமானவனை மூலையில் விடுதலும், கேட்கக்கூடிய கேள்விகளையே கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பித்தலும் எங்கும் வழக்கமாயின. வாத்தியாரைக் குறை சொல்வார் அவருடைய அடுப்பையும் பார்த்துச் சொல்லல் வேண்டும்.

நூற்றுக்கணக்கான நாட்டுப் பள்ளிகள் இம்முறைக்குட்பட்டு மானியப் பள்ளிகளாயின என்பது உண்மை. அவ்வாறு வர இயலாதவை ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. எஞ்சி நின்றவர்கள் யார்? முன்பணம் போட வல்லவர்களே. மிஷன்களுக்குக் கடல்கடந்து பொருள் வந்தது; ஜில்லா போர்டுக்கு வரி வந்தது. தனி வாத்தியாருக்கு வருவது நெல்தான். அந்நெல்லும், ‘சர்க்கார் பணம் தருகிறதே’ என்று ஊரார் எண்ணத் தொடங்கினால் குறையாது நிற்குமா? 1882-இல் ஹண்டர் என்பவர் தலைமையில் கூடிய கல்விக் கமிஷன், நாட்டுப் பள்ளிகளை அவற்றின் வழியிலேயே ஊக்குவிக்கச் சொல்லிற்று. அக்கமிஷனில் நம் மாகாணத்தைச் சார்ந்த அங்கத்தினராக இருந்தோருள் பூ. அரங்கநாத முதலியாரும், கிறிஸ்தவக் கல்லூரித் தலைவர் வில்லியம் மில்லரும் உளர். அம்மில்லரின் கல்லூரியே 1937-இல் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டிடையே குடிபுகுந்தது.

விதிகள் யாவும் தீங்கே செய்தன என்று யான் கூறவில்லை. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் இச்சில்லாவின் சேரிமக்கள் நிலையை விரித்தெழுதிய அறிக்கை சர்க்காரை அசைத்தது. 1893-இல் அம்மக்களின் கல்விக்கெனத் தனி ஆணை பிறந்தது. ஊர்த்திண்ணை தானாகத் திறவாத கதவைச் சர்க்கார் விதி தட்டித் திறந்தது. சைதாப்பேட்டைப் போதனா கலாசாலையில் பயின்று வந்தவர்களால் கற்பிக்கும் முறையும் பல இடங்களில் திருந்தியது. நன்று நன்றே.

தேர்ச்சி மானியத்தை இங்கிலாந்து 1890-களிலேயே கைவிட்டது. இந்தியாவில் கர்ஸன் பிரபுவின் 1904-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பின்னர் அது நீங்கியது. இரவல் வாங்கிய சட்டையை, உடையவன் கழற்றி எறிந்த பின்னும் நாம் சில ஆண்டு அணிந்திருந்தோம்! 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் கல்வி மாகாண மந்திரிகள் கைக்கு வந்தது. 1920-இல் சென்னை ஆரம்பக்கல்விச் சட்டம் நிறைவேறிற்று. குடியரசு அமைப்பிலும் கல்வி மாநிலங்களின் பட்டியலிலேயே இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் அது பொதுப்பட்டியலுக்கு மாறியது. தொலைவிலிருந்து விதி வருதல் என்னும் பழைய நிலை, வேறு உருவில் அன்று மீண்டது என்க.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். கூரைக்கொட்டகையும் குறுகிய படிக்கட்டும் செய்த கொலை அது. அதன்பின் கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் முதலியவற்றுக்குச் சான்றிதழ் கேட்பதை யாரும் வெறுத்தல் தகாது. ஆயின் அக்காலத்தே மாநில அரசினர் வகுத்த நில அளவு வேறு வகையானது: மாநகராட்சியில் 6 மனை, நகராட்சியில் 10 மனை, பேரூராட்சியில் 1 ஏக்கர், சிற்றூரில் 3 ஏக்கர். 3 ஏக்கர் என்பது ஏறக்குறைய 54 மனையாகும். தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களோ நேற்றுச் சிற்றூர், இன்று நகர். 2021 நவம்பரில் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. அதன் பக்கத்து வேங்கைவாசல் அப்போது ஊராட்சியாகவே நின்றது. மாணாக்கர் ஒருவரே, மண் ஒன்றே. எல்லைக்கோடு மட்டும் 6 மனைக்கும் 54 மனைக்கும் இடையே கிடந்தது. மாநிலம் முழுதும் 700-க்கு மேற்பட்ட பள்ளிகள் இந்நில அளவு இன்றி, ஆண்டுக்காண்டு தற்காலிக அங்கீகாரம் பெற்றுக் காலந்தள்ளியதும் நிகழ்ந்தது.

இனி இந்திய அரசினரின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2009-இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், தனி வகுப்பறை, குடிநீர், கழிப்பிடம் முதலியன மூன்றாண்டுக்குள் அமைதல் வேண்டும். அமையாத பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை. ஆசிரியர்க்குத் தகுதித் தேர்வும் உடன் வந்தது. 2025 செப்டம்பர் 1-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பழைய ஆசிரியரும் இரண்டாண்டுக்குள் அத்தேர்வில் தேறவேண்டுமென்று தீர்ப்பளித்தது. இருபதாண்டு கற்பித்தவர் மீண்டும் பரீட்சைக்குப் படிக்கும் காட்சியை நம் வீடுகளிலும் காணலாம்.

அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவே நம் பொருளுக்கு நேரே உரியது. உதவிபெறாத தனியார் பள்ளி, நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி அளித்தல் வேண்டும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, அப்பள்ளி வாங்கும் கட்டணம் ஆகிய இரண்டில் குறைந்ததைப் பின்னர் ஈடு செய்யும். மதச் சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு 2014-இல் விலக்குக் கிடைத்தது. சாதிச் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு அவ்விலக்கு இல்லை. ஏழைப்பிள்ளையும் செல்வர் பிள்ளையும் ஒரே பலகையில் இருக்கச் செய்யும் இவ்விதியை யான் மனமார வரவேற்கின்றேன். எனினும் ‘பின்னர்’ என்னும் அச்சொல்லைப் பாருங்கள்! 1860-களின் வாத்தியாரை வாட்டிய அதே சொல். பெரிய பள்ளி மற்றவர் கட்டணத்தைக் கொண்டு காத்திருக்கும். நூறு பிள்ளையை வைத்து நடத்தும் சிறு பள்ளி, சம்பள நாளன்று எதைக் கொண்டு காத்திருக்கும்?

2024-25-ஆம் ஆண்டில் இத்துன்பம் மாநிலத்தையே பற்றியது. புதிய கல்விக்கொள்கையோடு இயைந்த பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையொப்பமிடவில்லை என்பதனால், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் அளவான தொகையை மத்திய அரசினர் விடுவிக்கவில்லை. 2025 மே மாதத்தில் மாநில அரசினர் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டுக் கோடையில் 25 விழுக்காட்டுச் சேர்க்கை தொடங்கவே இல்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தரவேண்டிய பங்கு வேறு, அத்திட்டம் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்தலாகாது என்ற கருத்தை ஜூன் 10-இல் சென்னை ஹைக்கோர்ட்டு தெரிவித்தது. பள்ளிகள் ஜூனில் திறந்தன. சேர்க்கை அறிவிப்பு அக்டோபரில் வந்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோருக்கு அப்பணத்தைத் திருப்பித் தருமாறு பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. அப்பணமோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆசிரியர் சம்பளமாகப் போய்விட்டது.