நெய்வேலியின் நீர்க்கணக்கு

தண்ணீருக்காகப் பூமியைத் தோண்டுவது ஒன்றையே தலைமுறை தலைமுறையாக அறிந்துவந்த எங்கள் தர்மபுரி ஜில்லாக்காரர்களுக்கு, பூமியைத் தோண்டுவதற்காகத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றும் ஊர் ஒன்று இதே தமிழ்நாட்டில் அரை நாள் பிரயாணத்தில் இருக்கிறது என்பது, நேரில் பார்த்தாலொழிய நம்பத் தகாத விசித்திரமாகவே தோன்றும். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் கிணறு வெட்டுகிறவனுக்கு எதிர்ப்படுவது ஆதிப்பாறை. அப்பாறையின் வெடிப்புகளில் ஒதுங்கிய நீரே அவனுடைய பாக்கியம். அந்த நீரும் பல இடங்களில் ஃபுளோரைடு கலந்து, குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகவும் பெரியவர்களின் எலும்பில் நோயாகவும் வெளிப்பட்டதனாலேயே, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இத்தகைய பாறையில் நிலக்கரி உண்டாக வழியில்லை. ஆறுகள் கொண்டுவந்து படிய வைத்த மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையே, பண்டைய வனங்கள் புதைந்து பழுப்பு நிலக்கரியாக மாறிய பிரதேசம் கீழ்க்கடற்கரையை ஒட்டிய பழைய தென்னாற்காடு ஜில்லா. ஆனால் அங்கேயுள்ள நெய்வேலியின் சரித்திரமும், எங்கள் ஊர்க் கதைகளைப் போலவே, ஒரு கிணற்றில்தான் ஆரம்பமாகிறது. 1930-களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் பாசனத்துக்காக ஆழ்குழாய் இறக்கியபோது, நீரோடு கறுப்புத் துகள்களும் மேலே வந்தன. அவர் தேடியது நீர், கிடைத்தது நெருப்பு. யுத்த காலத்தில் தொடங்கி இந்திய நிலவியல் ஆய்வுத்துறையார் துளையிட்டுப் பார்த்து, படிவத்தின் பரப்பையும் கனத்தையும் நிச்சயப்படுத்தினார்கள்.

எடுப்பதற்கு நிலக்கரி ஏராளமாக இருந்தும் அதை எடுக்க முடியுமா என்ற சந்தேகம் நீங்காததற்குக் காரணம், படிவத்துக்கு அடியில் மணல் அடுக்குகளில் அடைபட்டு, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்த ஊற்றுநீர்தான். மேலே கிடக்கும் மண்ணின் பாரமே அந்த நீரை அடக்கி வைத்திருந்தது. அப்பாரத்தை வெட்டி அகற்றினால் சுரங்கத்தின் தரை உப்பிப் பிளந்து, இயந்திரமும் மனிதரும் ஒருசேர மூழ்கிப் போவர். 1950-களின் முற்பகுதியில் வெட்டப்பட்ட சோதனைக் குழி, குழியைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகளை அமைத்து ஓயாமல் இறைத்தால் அந்த அழுத்தத்தைப் படிவத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தாழ்த்திவிடலாம் என்பதை நிரூபித்தது. அந்தத் தைரியத்தின் மேல்தான் 1956 நவம்பர் 14-இல் நெய்வேலிச் சுரங்கத்தை நடத்தும் ஸ்தாபனம் பதிவாகி, 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைக்க, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முதன்முறையாக வெயிலைக் கண்டது.

அக்காலத்து இஞ்சினீயர்களுக்கு நீர்க்கட்டுப்பாடு என்றால் சுரங்கத்தைக் காப்பாற்றுவது என்றே பொருள். அந்தப் பயம் வீண் பயமல்ல. 1975 டிசம்பர் 27-இல் தன்பாத் அருகேயுள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நீர் உடைத்துப் புகுந்து 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பலிகொண்டது. ஆயினும் வெளியேற்றிய நீர் எங்கே போயிற்று, யாருடைய கிணறு வற்றிற்று என்று கேட்பதற்கு அந்த முதல் இஞ்சினீயர்களின் காலத்துச் சட்டத்தில் இடமில்லை. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1982-இல் தமிழ்நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1994-இல் பெருந்தொழில்களுக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கிய அறிவிக்கையும் அடுத்தடுத்து வந்த பிறகே, குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்த சர்க்காரின் பார்வை குழிக்கு வெளியே திரும்பிற்று.

ஆகவே இன்று ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைச் சோதிக்கச் செல்லும் அதிகாரி, அடியில் ஊறும் நீரோடு வானத்திலிருந்து விழும் நீரையும் கணக்கெடுக்க வேண்டியவராகிறார். வெட்டிக் குவித்த மண்மேட்டைச் சுற்றி வடிகால் ஓடுகிறதா, மேட்டின் அடியில் கரைச்சுவர் நிற்கிறதா, கலங்கிய நீர் வண்டல் படியும் குளத்தில் தங்கித் தெளிந்த பின்னரே ஓடைக்குப் போகிறதா, சுற்று வட்டாரத்து நோக்குக் கிணறுகளில் பருவந்தோறும் மட்டம் அளக்கப்படுகிறதா என்பனவே அவர் பார்க்க வேண்டியவை. ஸ்தாபனமும், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஜூன் முதல் தேதியிலும் டிசம்பர் முதல் தேதியிலும் தான் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை எழுதிக்கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

நெய்வேலியில் இந்தக் கணக்கு எளிதில் நேராவதில்லை. இறைத்த நீரில் ஒரு பங்கு அனல் மின்நிலையத்துக்கும் நகரியத்துக்கும் பயன்பட, வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களில் பாய்கிறது; அதே ஜில்லாவில், நிலத்தடி நீர் கீழே போய்விட்டது என்று விவசாயிகள் முறையிடுகிறார்கள். 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கியபோது, விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அந்நிலங்களுக்கு முன்னமே விலை கொடுக்கப்பட்டது என்பது ஸ்தாபனத்தின் வாதம். நட்ட பயிரை அறுக்கும் வரையிலாவது பொறுத்திருக்கலாகாதா என்பது உழுதவனின் வாதம்.

எங்கள் பக்கத்துக் குடியானவன், கிணற்றில் வெளியே தெரியும் படிகளை எண்ணியும், தாம்புக் கயிறு எத்தனை முழம் கூடுதலாக இறங்குகிறது என்று பார்த்தும், அவ்வருஷத்துப் பயிரைத் தீர்மானிக்கும் வழக்கமுடையவன். நோக்குக் கிணறு என்று சட்டம் இன்று பெயரிட்டிருப்பதும் அந்தப் பழைய வழக்கத்தையே ஆகும். அறிக்கையில் எழுதிய மட்டமும் அடுத்த வயலில் இறங்கும் கயிற்றின் நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதைவிடப் பெரிய சோதனை எதுவும் அதிகாரிக்கு இல்லை. முதலியாரின் குழாயில் வந்த கறுப்புத் துகளை ஒருவர் குனிந்து பார்த்ததனால் ஒரு தொழில் பிறந்தது. அதைச் சுற்றியிருக்கும் கிணறுகளையும் அதே கவனத்தோடு குனிந்து பார்க்க வேண்டியது, அத்தொழில் அந்த மண்ணுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி.